நூற்றுப் பன்னிரண்டு

ஆண்டை முதலில் போடுவதா, தேதியையா என்று
மில்டாவும் கின்தவுதஸும்
மூன்று வாரம் முகம் பார்த்துப் பேசவில்லை.
நான்காவது வாரம்
அது ஒரு விருப்பத்தேர்வு ஆயிற்று.

இப்படித்தான் வளர்ந்தது 'அமைப்புகள்' பக்கம்.
கௌனஸில் மூன்றாம் மாடி அறையில்
எங்களுக்குள் தீராத வழக்குகளையெல்லாம்
பொத்தானாக்கித்
துறைமுகத்துக்கு அனுப்பினோம்.
கோடு மெலிதா தடியா,
கப்பலின் பெயர் இடமா வலமா,
எச்சரிக்கை மணி ஒரு முறையா மும்முறையா,
உங்கள் இஷ்டம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
மரியாதை என்று அதற்குப் பெயர் சொன்னோம்.
எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு.

பதிவேடு சொன்னது:
பதினான்கு மாதத்தில்
அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் ஒன்பது பேர்.
அதில் நான்கு பேர் நாங்கள்.

எடுத்துவிடலாம் என்றான் கின்தவுதஸ்.
யானைக்கும் எறும்புக்கும் ஒரே செருப்பா என்றாள் மில்டா.
எறும்பு செருப்புக் கேட்டதா என்றான் அவன்.
போய்ப் பார்த்துவிட்டு வா என்று
என்னைப் பேருந்தில் ஏற்றினார்கள்.

கிளைபெடாவில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே பளுதூக்கிகளை
இடுப்புவரை தின்றிருந்தது மூடுபனி.
கப்பல் வரிசையைக் கவனிக்கும் அறையில்
ஒரே ஒரு தொடுதிரை,
ஒரே கடவுச்சொல்,
மூன்று ஷிஃப்ட்.
இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

இரவு வரும் ஸ்கிர்மாந்தே எழுத்தைப் பெரிதாக்குவாள்.
காலையில் ஜிதுரூனஸ் சிறிதாக்குவான்.
ஒருவர் விருப்பம்
இன்னொருவர் தலைவலி.
ஒரு குளிர்காலம் முழுக்க இழுத்துப் பார்த்துவிட்டுத்
திரையின் நெற்றியில் காகிதம் ஒட்டியிருந்தார்கள்:
"பதினாறு. யாரும் தொடக் கூடாது."
கீழே மூன்று கையெழுத்து.
அவ்வளவுதான்.
எங்கள் மூன்றாம் மாடியில் இப்படி ஒரு காகிதம்
ஒட்டப்பட்டதே இல்லை.

அப்புறம்தான் அந்த டேப்பைப் பார்த்தேன்.
வலது மூலையில், மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்,
நான்கு மடிப்பாய், நகத்தளவு.
அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.
'வரிசையை ரத்து செய்.'
நான் வரைந்தது.
அந்தச் சிவப்பு நான் தேர்ந்த சிவப்பு.
'உறுதி செய்'க்குப் பக்கத்தில்
ஜோடி பொருந்துகிறது என்று வைத்தேன்.

"நவம்பரில் ஒரு ராத்திரி," என்றாள் ஸ்கிர்மாந்தே,
"தூக்கக் கலக்கத்தில் விரல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போச்சு.
ஏழு கப்பல் காணோம்.
கப்பலெல்லாம் கடலில்தான் நின்றது,
வரிசைதான் இல்லை.
ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்டேன்,
நீங்கள் எத்தனையாவது, ஞாபகம் இருக்கிறதா?
ஏழு பேரும் நான்தான் முதல் என்றார்கள்."

அதை மறைக்கிற பொத்தான்
நூற்றுப் பன்னிரண்டில் இல்லை.
நகர்த்தவும் வழி இல்லை.
அது மட்டும் அசையக் கூடாது என்று
நாங்கள் நால்வரும்
சண்டையே போடாமல் ஒத்துப்போன
ஒரே விஷயம் அது.

திரும்பும் பேருந்தில் கணக்குப் போட்டேன்.
ஆளுக்கொரு நுழைவு, எழுத்தளவு அவரவருக்கு.
இருட்டு அறைக்கு இருட்டுத் திரை.
மற்ற நூற்றுப் பத்தும் எங்கள் வழக்கு,
எங்கள் வீட்டிலேயே தீரட்டும்.
தேதிக்குச் சீட்டுக் குலுக்கலாம்.

ஆனாலும்
அந்த ஒன்பதில் நாங்கள் போக மிச்சம் ஐவர்.
யாரென்று தெரியாது.
இடது கைக்காரர் ஒருவர் இருக்கலாம்.
பெயரை வலது பக்கம் மாற்றிவிட்டு
ஒரு வார்த்தை பேசாமல்
பதினான்கு மாதமாய் நிம்மதியாய் இருக்கலாம்.
பேருந்து நிற்கும்வரை
அவரை அழிக்கவும் முடியவில்லை,
வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ரத்துப் பொத்தானைப் போன வாரம்
தூரக் கொண்டுபோய் வைத்தோம்,
இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் இனி அது ரத்து செய்யும்.
செய்தி சொல்லப் போன் செய்தேன்.
டேப்பை எடுத்துவிடலாமே என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள் ஸ்கிர்மாந்தே.
"அடுத்த தடவை
அந்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைப்பீர்களோ."